தண்ணீர் வேண்டாத இன்ஜின்: ரூடால்ஃப் டீசலின் கதை

டீசல்னு சொன்னா நமக்கு பங்க்ல போடுற எண்ணெய்தான் ஞாபகம் வரும். மெக்கானிக்கல் பசங்களுக்குக் கூடவே டீசல் சைக்கிள், பி-வி டயகிராம், கட்-ஆஃப் ரேஷியோ எல்லாம் வரும். செமஸ்டர் முடிஞ்சதும் போயிடும். ஆனா டீசல் என்பது முதலில் ஒரு மனிதரின் பெயர். ரூடால்ஃப் டீசல்.

அவரைப் பற்றி நம்ம பாடப்புத்தகம் சொல்லாத ஒரு விஷயம் இருக்கு. தான் உருவாக்கப்போகும் இன்ஜினுக்குக் குளிர்விக்கும் தண்ணீரே தேவைப்படாது என்று நம்பித்தான் அவர் வேலையை ஆரம்பித்தார். இன்றைக்கு மலைப்பாதையில் லோடு லாரி ஒன்று ஓரங்கட்டி நின்று, ரேடியேட்டரிலிருந்து ஆவி விடுவதைப் பார்க்கிற நமக்கு இது சிரிப்பாக இருக்கலாம். சிரிக்காதீங்க. அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது, எப்படி உடைந்தது, உடைந்த பிறகு அவர் என்ன செய்தார் என்று பார்த்தால், சூடாகும் ஒரு லாரி இன்ஜினை எப்படிச் சோதிப்பது என்பதும் சேர்ந்தே புரியும்.

பாரிஸில் பிறந்த ஜெர்மன் பையன்

1858 மார்ச் 18 அன்று பாரிஸில் பிறந்தார் டீசல். பெற்றோர் ஜெர்மனியின் பவேரியா பகுதியைச் சேர்ந்தவர்கள். அப்பா தோல் பொருட்கள் செய்யும் தொழிலாளி. வீட்டில் வசதி கிடையாது. பையன் நேரம் கிடைத்தால் பாரிஸின் தொழில்நுட்ப அருங்காட்சியகத்துக்குப் போய், பழைய இயந்திரங்களைப் பார்த்து வரைந்துகொண்டிருப்பான்.

1870-ல் பிரான்சுக்கும் ஜெர்மானியருக்கும் போர் மூண்டது. பாரிஸில் இருந்த ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டார்கள். குடும்பம் லண்டனுக்குப் போனது. அங்கேயும் பிழைப்பு சரியாக அமையவில்லை. 12 வயதுப் பையனை மட்டும் ஜெர்மனியில் உள்ள ஆக்ஸ்பர்க் நகருக்கு, உறவினர் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். அந்த உறவினர் கணித ஆசிரியர். அங்கே படிக்கும்போதே, 14 வயதில், இன்ஜினியர் ஆகப்போகிறேன் என்று பெற்றோருக்குக் கடிதம் எழுதிவிட்டார் டீசல். கவுன்சிலிங் கடைசி ரவுண்டு வரைக்கும் எந்த பிராஞ்ச்னு முடிவு பண்ணாத நமக்கு இது கொஞ்சம் ஓவராத்தான் தெரியும்!

உதவித்தொகை கிடைத்து, 1875-ல் மியூனிக் பாலிடெக்னிக்கில் சேர்ந்தார். அங்கே அவருக்குத் தெர்மோடைனமிக்ஸ் எடுத்தவர் கார்ல் ஃபான் லிண்டே. இன்றைய குளிர்சாதனத் தொழில்நுட்பத்தின் முன்னோடிகளில் ஒருவர். ஒரு வகுப்பில் லிண்டே நீராவி இன்ஜினைப் பற்றிச் சொன்னார்: எரிக்கிற நிலக்கரியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குகூட வேலையாக மாறுவதில்லை, மீதி எல்லாம் வீண். கார்னோ சைக்கிளின்படி பார்த்தால் இதைவிடப் பல மடங்கு கிடைக்க வேண்டும். இதை நடைமுறையில் செய்ய முடியுமா என்று நோட்டின் ஓரத்தில் குறித்து வைத்துக்கொண்டார் டீசல். அந்த ஓரக்குறிப்பு அவரை வாழ்நாள் முழுக்க விடவில்லை.

1879-ல் இறுதித் தேர்வு நேரத்தில் டைஃபாய்டு வந்து படுத்துவிட்டார். அடுத்த தேர்வுவரை சும்மா இருக்காமல், ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூரில் உள்ள சுல்சர் தொழிற்சாலையில் கைவேலை பழகினார். 1880 ஜனவரியில் தேர்வெழுதி, மிக உயர்ந்த மதிப்பெண்களுடன் வெளியே வந்தார்.

ஐஸ் தொழிற்சாலையிலிருந்து இன்ஜினுக்கு

முதல் வேலை பேராசிரியரே கொடுத்தது: பாரிஸில் லிண்டேயின் ஐஸ் தொழிற்சாலை. பத்து வருடத்துக்கு மேல் அவர் பிழைத்தது குளிர்விக்கும் தொழிலில்தான். வெப்பத்தை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் தள்ளுவதுதான் அவருடைய அன்றாட வேலை. ஆனால் மனசு முழுக்க அந்த ஓரக்குறிப்பில் இருந்தது.

நீராவிக்குப் பதிலாக அம்மோனியா ஆவியை வைத்து ஒரு இன்ஜின் செய்து பார்த்தார். சோதனையில் அது வெடித்தது. உயிர் பிழைத்ததே பெரிய விஷயம். மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தார். அதற்குப் பிறகு உடம்பும் கண்பார்வையும் பழையபடி ஆகவில்லை. ஆனால் அம்மோனியா வேலையிலிருந்து அவருக்கு ஒரு யோசனை கிடைத்தது. நீராவியோ அம்மோனியாவோ எதற்கு? காற்றையே எடுத்து, நன்றாக அழுத்தி, அதற்குள்ளேயே எரிபொருளை எரித்தால் என்ன?

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப்பின் அடிப்பகுதி சுடும், கவனிச்சிருப்பீங்க. காற்றை வேகமாக அழுத்தினால் அது சூடாகும். இன்னும் அழுத்தினால், எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சூடாகும். ஸ்பார்க் பிளக் வேண்டாம், திரி வேண்டாம். இதுவரைக்கும் நமக்குத் தெரிந்த கதை.

அடுத்த பகுதிதான் பலருக்குத் தெரியாது. கார்னோ சைக்கிளைப் பின்பற்ற வேண்டும் என்றால், எரியும்போது வெப்பநிலை ஏறக் கூடாது. அதனால் டீசலின் திட்டம் இப்படி இருந்தது: காற்றை 250 அட்மாஸ்பியர் வரை அழுத்தி 800 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுபோக வேண்டும். அப்புறம் எரிபொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். பிஸ்டன் கீழே போக, வாயு விரிந்து குளிர, அந்தக் குளிர்ச்சியை எரிபொருளின் வெப்பம் ஈடுகட்டும். சிலிண்டருக்குள் நிறைய காற்று, கொஞ்சமே எரிபொருள். அதனால் இன்ஜின் தாங்க முடியாத சூட்டுக்குப் போகவே போகாது. அப்படியென்றால் சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் எதற்கு? தண்ணீருக்குப் போகும் ஒவ்வொரு கலோரியும் வீண்தானே!

1892 பிப்ரவரியில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1893 பிப்ரவரியில் ஜெர்மன் காப்புரிமை எண் 67207 கிடைத்தது. அதே ஆண்டு தன் கோட்பாட்டைப் புத்தகமாகவும் வெளியிட்டார். ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையும், எஃகு முதலாளியான குரூப்பும் ஆதரவு தந்தார்கள். 250 அட்மாஸ்பியரெல்லாம் நடக்காத காரியம் என்று தெரிந்து, அழுத்தத்தை மட்டும் வெகுவாகக் குறைத்துக்கொண்டார்கள்.

ஆக்ஸ்பர்க், 1893: இன்ஜின் சொன்ன பதில்

முதல் சோதனை இன்ஜின் 1893 கோடையில் தயாரானது. சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஜாக்கெட் இல்லை. கோட்பாடு வேண்டாம் என்று சொன்னதால் வைக்கவில்லை.

ஆகஸ்ட் 10. பட்டறையின் ஷாஃப்டிலிருந்து பெல்ட் போட்டு இன்ஜினைச் சுற்ற வைத்து, எரிபொருளை விட்டார்கள். பெரிய சத்தம். அழுத்தம் அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. பக்கத்தில் நின்றவர்கள் மயிரிழையில் தப்பினார்கள். ஆனால் ஒன்று நிரூபணமாகிவிட்டது: ஸ்பார்க் இல்லாமல், அழுத்திய காற்றின் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்கிறது.

கூடவே இன்னொன்றும் தெரியத் தொடங்கியது. வெப்பநிலையை ஏறவிடாமல் எரிக்கும் திட்டத்தில் கிடைக்கும் வேலை மிகக் குறைவு. காற்றை அழுத்தச் செலவாகும் வேலையைக் கழித்துவிட்டால், மிச்சம் உராய்வுக்கே பற்றாது. அந்த இன்ஜின் தன்னைத்தானே சுற்றிக்கொள்வதே கஷ்டம். வேலை வேண்டும் என்றால் எரிபொருளைக் கூடுதலாக விட வேண்டும். வெப்பநிலை ஏறத்தான் ஏறும். நாம் இன்று படிக்கும் டீசல் சைக்கிளில், மாறா அழுத்தத்தில் வெப்பம் சேர்க்கப்படுகிறது இல்லையா, அது இந்தத் திருத்தத்துக்குப் பிறகு வந்தது. 1893 நவம்பரில் அதற்காக இரண்டாவது காப்புரிமைக்கு விண்ணப்பித்தார் டீசல்.

வெப்பநிலை ஏறினால் சிலிண்டர் சுவரும், ஹெட்டும், பிஸ்டனும் சூடாகும். மசகு எண்ணெய் கருகும், உலோகம் விரியும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஆகவே இன்ஜினைப் பிரித்து மாற்றிக் கட்டியபோது தண்ணீர் ஜாக்கெட்டும் வந்து சேர்ந்தது. வேண்டாம் என்று ஒதுக்கிய தண்ணீர்தான் இன்ஜினை நிலைக்க வைத்தது.

1894 பிப்ரவரி 17. திரும்பவும் பெல்ட்டில் சுற்ற வைத்திருக்கிறார்கள். லிண்டர் என்ற மெக்கானிக், பெல்ட்டின் இழுவை திடீரென்று மாறுவதைக் கவனித்தார். இதுவரை பட்டறை இன்ஜினை இழுத்தது. இப்போது இன்ஜின் பட்டறையை இழுக்கிறது! லிண்டர் ஒன்றும் பேசாமல் தொப்பியைக் கழற்றினார் என்று சொல்வார்கள். ஏறக்குறைய ஒரு நிமிடம், நிமிடத்துக்கு 88 சுற்று. அவ்வளவுதான். ஆனால் அது தானாக ஓடியது.

அதற்குப் பிறகு மூன்று வருடம் அளவெடுப்புதான். நாசிலை மாற்று, அள. வால்வை மாற்று, அள. 1895 ஜூனில் 16.6 சதவீதத் திறன். 1897 பிப்ரவரியில் மியூனிக் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் வந்து அதிகாரபூர்வமாகச் சோதித்தபோது 26.2 சதவீதம். அந்த ஒற்றை சிலிண்டர் இன்ஜின் சுமார் 3 மீட்டர் உயரம். நிமிடத்துக்கு 154 சுற்றில் ஏறக்குறைய 18 குதிரைத்திறன் கொடுத்தது. கனவு கண்ட எண் கிடைக்கவில்லை. ஆனால் அன்றைக்கு இருந்த எந்த வெப்ப இன்ஜினும் இதன் பக்கத்தில் வரவில்லை.

நம்ம தெர்மல் லேப்பும் மலை ஏறுற லாரியும்

ஷ்ரோட்டர் செய்த சோதனைக்கும் நம்ம லேப்ல செய்யுற ஹீட் பேலன்ஸ் டெஸ்ட்டுக்கும் அடிப்படை ஒண்ணுதான். எரிபொருள் கொடுத்த வெப்பம் எங்கெங்கே போச்சு? ஷாஃப்ட்டுக்கு எவ்வளவு, குளிர்விக்கும் தண்ணிக்கு எவ்வளவு, புகையோடு எவ்வளவு, கணக்கில் வராதது எவ்வளவு? நல்ல லாரி இன்ஜினில்கூட பாதிக்கு மேற்பட்ட வெப்பம் ஷாஃப்ட்டுக்கு வராமல்தான் போகிறது. இந்த டேபிளைப் போடத் தெரிஞ்சா, சூடாகுற லாரியைப் பார்க்கவும் தெரியும். கேள்வி ரெண்டே ரெண்டு: வெப்பம் வழக்கத்தைவிட அதிகமா உண்டாகுதா? இல்ல, உண்டாகுறது வெளியே போக முடியலையா?

அதுக்கும் முன்னாடி ஒரு கேள்வி: உண்மையிலேயே சூடாகுதா? டெம்பரேச்சர் மீட்டர் பொய் சொல்லலாம். சென்சாரோ வயரிங்கோ போயிருக்கலாம். அகச்சிவப்பு தெர்மாமீட்டரைத் தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் காட்டி ஒப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அடுத்தது, எப்போ சூடாகுது? நின்னு ஓடும்போதும் டிராஃபிக்கிலும் மட்டும் என்றால், காற்றோட்டத்தைச் சந்தேகப்படுங்க: ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கலாம், ஃபேன் கிளட்ச் பிடிக்காமல் இருக்கலாம். லோடோடு மேடு ஏறும்போது மட்டும் என்றால், ரேடியேட்டருக்கு முழுக் கொள்ளளவு இல்லை: வெளியே தூசியும் வைக்கோல் துரும்பும் அடைத்திருக்கும், அல்லது உப்புத்தண்ணி ஊத்தி ஊத்தி உள்ளே படிமம் கட்டியிருக்கும். ஸ்டார்ட் பண்ணின கொஞ்ச நேரத்திலேயே ஏறுதுன்னா, தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கலாம், உள்ளே காற்று அடைத்திருக்கலாம், ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம்.

பிறகு கூலன்ட் அளவு. சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தம் இருக்கும். அந்த அழுத்தத்தால்தான் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்த நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். மூடியே பழுதாகி அழுத்தம் பிடிக்கலைன்னாலும் கூலன்ட் சீக்கிரம் கொதிக்கும். விலை குறைந்த பாகம், முதலில் பார்க்க வேண்டியதும் அதுதான்.

மேல் ஹோஸ் சுடுது, கீழ் ஹோஸ் சில்லுன்னு இருக்குன்னா, தண்ணீர் ரேடியேட்டருக்குள் ஓடவில்லை. ரெண்டுமே கொதிக்குதுன்னா, தண்ணீர் ஓடுகிறது, காற்று போதவில்லை. இன்ஜின் ஓடும்போது டேங்கில் விடாமல் குமிழ் வந்தால், எரிந்த வாயு ஹெட் கேஸ்கெட் வழியாகத் தண்ணீரில் கலக்கிறது. ஆயில் பால் கலந்த டீ மாதிரி ஆகியிருந்தால் தண்ணீர் ஆயிலில் கலந்துவிட்டது.

இதெல்லாம் சரியாக இருந்தால்தான் முதல் கேள்விக்கு வரணும். நாசில் டைமிங் பின்தங்கியிருக்கா? ஏர் ஃபில்டர் அடைப்பா, டர்போ ஹோஸில் ஓட்டையா? பிரேக் பிடித்தபடியே ஓடுதா? லோடு அளவுக்கு மேலா?

சில இடங்களில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசிவிடுவார்கள். அது சில இன்ஜின்களில் பிரச்சினையைப் பெரிதாக்கும். பைபாஸ் வழி திறந்தபடியே கிடக்க, சூடான தண்ணீர் ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றி வரும். மற்ற இன்ஜின்களில் அது போதிய சூட்டுக்கே வராமல் ஓடி, லைனர் தேயும். அதிகக் குளிர்ச்சியும் நோய்தான். தண்ணீரால் போகும் வெப்பம் வீண் என்று டீசல் கவலைப்பட்டதில் அந்த அளவுக்கு நியாயம் இருந்தது.

விற்ற பிறகு வந்த தலைவலி

1897 வெற்றிக்குப் பிறகு பணம் கொட்டியது. அமெரிக்க உரிமையை மதுபானத் தொழிலதிபர் அடால்ஃபஸ் புஷ் 10 லட்சம் மார்க்குக்கு வாங்கினார். 1898-ல் ஒரு பொது நிறுவனம் தொடங்கப்பட்டு, டீசலின் காப்புரிமைகள் 35 லட்சம் மார்க்குக்கு அதற்கு மாற்றப்பட்டன. முதலில் இன்ஜின் வாங்கியவர்களில் கெம்ப்டன் நகரத் தீப்பெட்டித் தொழிற்சாலையும் ஒன்று. தீக்குச்சி தேவைப்படாத இன்ஜினை வாங்கியது தீக்குச்சிக் கம்பெனி!

ஆனால் சோதனைக்கூடத்தில் பேராசிரியர் முன்னால் ஓடுவது வேறு, தொழிற்சாலையில் தினமும் ஓடுவது வேறு. ஆரம்ப இன்ஜின்கள் அடிக்கடி நின்றன. ஆக்ஸ்பர்க்கில் புதிதாகத் தொடங்கிய டீசல் இன்ஜின் தொழிற்சாலை கொஞ்ச காலத்திலேயே உற்பத்தியை நிறுத்தியது. வழக்கு, வாக்குவாதம், பயணம், தூக்கமின்மை. 1898-லேயே டீசல் நிலைகுலைந்து சிகிச்சை இல்லத்தில் சேர வேண்டி வந்தது.

இன்ஜின் மட்டும் மெல்லத் தேறியது. 1900 பாரிஸ் கண்காட்சியில் உயரிய பரிசு. அதே கண்காட்சியில் ஒரு சிறு டீசல் இன்ஜின் கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது. 1912-ல் டென்மார்க்கின் செலாண்டியா என்ற டீசல் கப்பல் கோபன்ஹேகனிலிருந்து பாங்காக் வரை போனது. லாரிக்கு ஏற்ற சின்ன இன்ஜினை 1908 வாக்கில் டீசலும் முயன்றார். அது சந்தைக்கு வந்து நிலைக்கவில்லை. அந்தக் காலத்தில் எரிபொருளை உள்ளே அடிக்க அழுத்திய காற்று வேண்டும், அதற்குத் தனி கம்ப்ரசர் வேண்டும். லாரி சுமக்க முடியாத பாரம் அது.

இதற்கிடையில் விமர்சகர்கள் ஒரே இடத்தில் அடித்தார்கள்: ஓடுகிற இன்ஜின் வேறு, முதல் காப்புரிமையில் சொன்ன இன்ஜின் வேறு. அவர்கள் சொன்னதில் உண்மை இருந்தது. பட்டறையில் இன்ஜின் சொன்னதைக் கேட்டு மாற்றிக்கொண்ட டீசல், வெளியே அதை வெளிப்படையாக ஒப்புக்கொள்ளத் தயங்கினார். முதல் காப்புரிமையின் மேல் அவ்வளவு பணமும் ஒப்பந்தமும் நின்றது. தன் இன்ஜின் பிறந்த கதையை 1913-ல் புத்தகமாக எழுதியபோதும் வாதம் அடங்கவில்லை.

பணமும் கரைந்தது. மியூனிக்கில் மாளிகை, தவறான முதலீடுகள். வெளியே கோடீஸ்வரர், உள்ளே கடன். 1913 செப்டம்பர் 29 மாலை, லண்டனில் ஒரு கூட்டத்துக்காக ஆண்ட்வெர்ப்பிலிருந்து டிரெஸ்டன் என்ற கப்பலில் ஏறினார். நண்பர்களோடு சாப்பிட்டுவிட்டு, காலையில் எழுப்பச் சொல்லிவிட்டு அறைக்குப் போனார். காலையில் அறையில் ஆள் இல்லை, படுக்கை கலையவில்லை. சில நாட்களுக்குப் பிறகு ஒரு டச்சுப் படகு கடலில் உடலைக் கண்டது. அதிலிருந்து எடுத்த பொருட்களை மகன் ஆய்கன் அடையாளம் காட்டினார். என்ன நடந்தது என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. வயது 55.

அவர் பார்க்காத லாரி

டீசல் இறந்து பத்து வருடம் கழித்து, 1923-லும் 1924-லும், பென்ஸும் எம்.ஏ.என். நிறுவனமும் டீசல் லாரிகளை ஓடவிட்டன. காற்றுக் கம்ப்ரசர் ஒழிந்தது. 1927-ல் பாஷ் நிறுவனம் எரிபொருள் பம்பைத் தொடர்ச்சியாகத் தயாரிக்கத் தொடங்கியபின் லாரி உலகமே மாறியது. எம்.ஏ.என். என்பது டீசலுக்குப் பட்டறை கொடுத்த அதே ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையின் வாரிசு.

முதல் கனவும் சும்மா விடவில்லை. 1980-களின் தொடக்கத்தில் கம்மின்ஸ் நிறுவனமும் அமெரிக்க ராணுவமும் சேர்ந்து, செராமிக் பூச்சுப் பூசிய, ரேடியேட்டரே இல்லாத டீசல் இன்ஜினை 5 டன் லாரியில் வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். ஓடியது. ஆனால் தண்ணீரில் மிச்சமான வெப்பத்தில் பெரும்பகுதி புகையோடு போய்விட்டது. சூட்டில் ஆயில் தாங்கவில்லை. அது சாலைக்கு வரவில்லை.

லேப்ல ஹீட் பேலன்ஸ் போடும்போது, கணக்கில் வராத வெப்பம்னு ஒரு வரி வரும். அதைச் சின்னதா காட்டுறதுக்காக சீனியர் ரெக்கார்டைப் பார்த்து ரீடிங் எழுதுற பழக்கம் நம்மகிட்ட இருக்கு. அடுத்த தடவை மீட்டர் என்ன காட்டுதோ அதையே எழுதிப் பாருங்க. 1893-ல் டீசல் தன் கோட்பாட்டுக்கு ஏத்த மாதிரி ரீடிங் எழுதியிருந்தா, இன்னைக்கு அந்த லாரியே இருந்திருக்காது.